நாற்பத்திரண்டாம் பக்கத்துத் தீவு

எங்கள் குடும்பத்தில் புத்தகம் எழுதியவன் ஒரே ஒருவன். என் மனைவியின் தம்பி. அவன் புத்தகத்தை நம்பி ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இரண்டே பேர். நானும் என் மனைவியும். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் புத்திசாலிகள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை.

நான் தராசு பழுது பார்ப்பவன். மளிகைக் கடைத் தராசு முதல் லாரி ஏறி நிற்கும் எடை மேடை வரை, முள் நடுவில் நிற்காத எதுவும் என் கைக்கு வரும். முப்பது வருடமாக இதே வேலை. அதனால் என்னை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பேச்சை இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மைத்துனன் இருப்பது மாநகரத்தில். வெளியூர்ப் பயணியர் வழிகாட்டல் துறையில் உதவி இயக்குநர். வீட்டில் அவனுக்குப் பெயர் ஆபீசர். 'மாநகரம் உங்களை அழைக்கிறது: காட்சிகளும் நடைமுறைக் குறிப்புகளும்' என்ற துறையின் கைப்புத்தகம் முழுக்க அவன் எழுதியது. ஒன்பது பதிப்புகள் வந்துவிட்டன. ஐம்பத்தாறு காட்சிகள், நூற்றுப் பதினான்கு குறிப்புகள். என் கடையில் எடைக்கற்களுக்குப் பக்கத்தில் ஒரு பிரதி எப்போதும் இருக்கும். "நம்ம மாப்பிள்ளை எழுதினது" என்று எடுத்துக் காட்டாமல் நான் யாருடைய தராசையும் திருப்பிக் கொடுத்ததில்லை. சிலர் அதற்காகவே வேறு கடைக்குப் போனார்கள்.

என் மனைவிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான். நாற்பத்திரண்டாம் பக்கம், பழைய கலங்கரை விளக்கம். "இருநூற்றுப் பதினாறு படிகள் ஏறி உச்சியை அடைந்தால், கிழக்கே கடல் நடுவே, படுத்திருக்கும் மாட்டைப் போன்றதொரு எழில்மிகு தீவைக் கண்டு களிக்கலாம். அதன் கொம்புகளைப் போல் இரு மரங்கள் நிற்பது காண்போர் நெஞ்சை அள்ளும்."

அந்தத் தீவை அவளுக்குப் புத்தகம் வருவதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே தெரியும். அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து வயது இருக்கும்போது அவர்கள் அப்பா இரண்டு பேரையும் மாநகரத்துக்குக் கூட்டிப்போனார். கலங்கரை விளக்கத்தில் செருப்போடு ஏற விடமாட்டார்கள், படி வழுக்கும். செருப்பைப் பார்த்துக்கொள்ளக் கீழே ஒரு ஆள் வேண்டும். தம்பி சின்னப்பிள்ளை, அவனைத் தனியாக விட முடியாது. அப்பா தூக்காமல் அவனால் ஏறவும் முடியாது. கழித்துப் பார்த்தால் மிச்சம் இவள்தான். மூன்று ஜோடி செருப்பு, ஒரு பையோடு ஒரு மணி நேரம் கீழே நின்றாள். இறங்கி வந்த தம்பி கண்ணை விரித்து, "அக்கா, கடலுக்குள்ள ஒரு தீவு, மாடு படுத்திருக்க மாதிரி, கொம்பு மாதிரி ரெண்டு மரம்" என்றான். இவள் அழுதிருக்கிறாள். "அழாத அக்கா, நான் பெரியவன் ஆனதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

பெரியவன் ஆனான். உதவி இயக்குநரும் ஆனான். கூட்டிப்போகத்தான் இல்லை. இவள் கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் வைத்திருப்பான். ஒரு வருடம் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஒரு வருடம் உச்சியில் தேனீ கூடு கட்டியிருக்கிறது. இன்னொரு வருடம் பெயிண்ட் இன்னும் காயவில்லை. இவள் அத்தனையையும் நம்பினாள். தம்பி மேல் உயிர்.

இந்த வருடம் டாக்டர் இவளுடைய இரண்டு முட்டியையும் படம் எடுத்துப் பார்த்து, மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். "அதுக்கப்புறம் நடக்கலாம், கடைக்குப் போகலாம், வீட்டுப் படி நாலு ஏறலாம். கோபுரம் கீபுரம் எல்லாம் மறந்துடுங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னங்க, முட்டி போறதுக்கு முன்னாடி அந்த மாட்டைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவதாக முடிவு செய்தோம். ஒரே ஒரு நாள். கையில் புத்தகம் இருக்கிறது, நகரத்தில் தம்பி இருக்கிறான், வேறென்ன வேண்டும் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

குறிப்பு ஏழு: "ரயிலை விட்டு இறங்கியதும் வழி தெரிந்தவரைப் போல நிமிர்ந்து, வேகமாக நடக்கவும்." நடந்தோம். அவளுடைய முட்டி எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவு வேகம். எங்கள் தோரணையை நம்பி இன்னொரு வெளியூர்க் குடும்பம் பெட்டிகளோடு எங்கள் பின்னால் வந்தது. எல்லோருமாகப் பார்சல் ஆபீசுக்குள் போய் நின்றோம்.

குறிப்பு பத்தொன்பது: "சீருடை அணிந்தவரிடம் மட்டுமே வழி கேட்கவும்." வெளியே ஒரு ஓட்டல் வாசலில், தோளில் தங்கச் சரிகை வைத்த சீருடையோடு கதவு திறந்துவிடுகிறவர் நின்றார். கேட்டேன். "நான் வந்தே நாலு நாள்தான் சார் ஆகுது. அந்தப் புக்கைக் குடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று வாங்கினார். நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சீருடை போட்டவங்களைக் கேக்கச் சொல்லியிருக்கு சார். நல்லா எழுதியிருக்காங்க."

குறிப்பு முப்பத்தொன்று: "டாக்சியில் ஏறியதும் போகுமிடத்தை நாமாகச் சொல்லக்கூடாது. சொன்னால் வெளியூர் என்று தெரிந்துவிடும்." ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்க சார் போகணும்?"

"உங்களுக்கே தெரியும்."

டிரைவர் வண்டியை அணைத்தார். "எறங்கிடுங்க சார். காலையிலேயே வேணாம்."

என் மனைவி முன்னால் சாய்ந்து, "வழிகாட்டல் துறை ஆபீசுக்குப் போப்பா. என் தம்பி அங்க இருக்கான்" என்றாள். என்னைப் பார்த்த பார்வையில், புத்தகத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. தம்பி மேல் குறையவில்லை.

நேராகக் கலங்கரை விளக்கத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. குறிப்பு ஒன்றின்படி, துறையில் பதிவு செய்து பயணி அட்டை வாங்காதவர்கள் எந்தக் காட்சியையும் காணக்கூடாது. அட்டை இல்லாமல் கடற்கரையில் நின்றால்கூடக் கடலைப் பார்த்ததாகக் கணக்கில் வராது.

துறைக்குப் பதினோரு மாடி. மைத்துனன் இருப்பது எட்டில். நீளமான நடையில் வரிசையாக அறைகள். அருங்காட்சியகப் பிரிவு, பூங்காப் பிரிவு, அதற்கு அடுத்த கதவில் 'தீவு மேம்பாட்டுப் பிரிவு'. என் மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். சுவரில் பெரிய வண்ண வரைபடம். தலைமுனை, வால்முனை, மடி விரிகுடா என்று ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் எழுதியிருந்தது.

"தீவுக்கு அடிக்கடி போவீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் போகல சார்" என்றார் பிரிவு எழுத்தர். "படகு ஃபைல் மேல இருக்கு. வந்ததும் போவோம்."

"எத்தனை வருஷமா மேல இருக்கு?"

"நான் வந்து ஏழு வருஷம். எனக்கு முன்னாடி இருந்தவர் இங்கயே ரிட்டையர் ஆனாரு. தீவுல ஆற்றிய பணிக்குன்னு பாராட்டு விழாகூட நடத்தினோம்."

அந்த நேரத்தில் எனக்குள் முள் லேசாக ஆடியது. தராசுக்காரன் அதைக் கவனித்திருக்க வேண்டும். பின்னாலேயே, "வா அக்கா, வாங்க மாமா" என்று மைத்துனன் வந்துவிட்டான். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, முகமெல்லாம் சிரிப்பு. முள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டை வாங்கும் முன் 'காட்சிக்கு முந்தைய விளக்கக் கூட்டம்' என்று ஒன்று உண்டாம். கூடத்தில் நாற்பது பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். துறையின் இயக்குநர் வந்து மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த பயணிகளே. நான் இந்தத் துறைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த நகரத்தில் ஒரு காட்சியைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஏன்? நேரில் பார்த்தால் எனக்கென்று ஒரு கருத்து வந்துவிடும். துறைத் தலைவருக்குச் சொந்தக் கருத்து கூடாது."

முன் வரிசையில் இருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள். பயணிகளும் தட்டினோம், வேறென்ன செய்வது.

"அருங்காட்சியகம் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்கிறார்கள். திறந்தால் ஆட்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஆட்கள் பார்க்கப் பார்க்கப் பொருட்கள் பழசாகின்றன. நாளைக்கு நம் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கு என்ன இருக்கும்? அவர்கள் வரும்போதும் பூட்டித்தான் வைத்திருப்போம், அது வேறு விஷயம். ஒன்பது பதிப்புகளில் நமக்கு ஒரு புகார் வந்ததில்லை. புகார் எழுதும் உரிமை எல்லோருக்கும் உண்டு. முழு மனநிறைவு அடைந்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். மனநிறைவு இல்லாதவர்களுக்கு மட்டும் புகார்ப் புத்தகத்தைத் தருவதில்லை. அவர்கள் கோபத்தில் எழுதுவார்கள்."

கூட்டம் முடிந்ததும் மைத்துனன் இரண்டு தாள்களை நீட்டினான். காட்சி நிறைவுச் சான்று. "ஐம்பத்தாறு காட்சிகளையும் நேரில் கண்டு முழு மனநிறைவு அடைந்தேன்." கீழே கையெழுத்துக்கு இடம்.

"இன்னும் ஒண்ணுகூடப் பார்க்கலையே மாப்ள."

"பார்த்துட்டு யாரு மாமா திரும்பி வந்து கையெழுத்துப் போடுறாங்க? எல்லாரும் நேரா ஸ்டேஷனுக்குப் போயிடுறாங்க. அதனால முன்னாடியே வாங்கிடுறோம். இதைக் கொடுத்தாத்தான் அட்டை."

நான் ஒரு தராசைத் தொட்டுப் பார்க்காமல் சரியாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் மனைவியும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பார்க்காமலே எப்படிங்க?" என்றாள். பேனாவின் மூடியைத் திறந்து அவள் கையில் கொடுத்தது நான்தான். "நம்ம தம்பிதானே, போடு" என்றேன். போட்டாள்.

அட்டை வந்தது. மணி ஒன்றரை. கலங்கரை விளக்கத்தில் மூன்று மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள். ஆனால் மைத்துனன் எங்களை வாசலுக்குக் கூட்டிப்போகாமல் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனான். அங்கே சுண்ணாம்பில் செய்த ஒரு கலங்கரை விளக்கம், ஆள் உயரத்தில் நின்றது. ஏறுவதற்கு மூன்று படி. உச்சியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நீலக் கடல் வரைந்து, நடுவில் மாட்டுத் தீவும் வரைந்திருந்தார்கள்.

"உன் முட்டிக்கு இதுவே போதும் அக்கா. பாதிப் பேர் இதுல ஏறிட்டுத்தான் ஊருக்குப் போறாங்க."

என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நீ கூட வரியா இல்லையா?"

"மீட்டிங் இருக்கு அக்கா."

"நாப்பத்திமூணு வருஷமா மீட்டிங்காடா?"

அவன் கழுத்து அட்டையை உருட்டிக்கொண்டே இருந்தான். "போகாத அக்கா. படி சரியில்ல. ஆபரேஷன் நேரத்துல ஏதாவது ஆயிட்டா? சொன்னாக் கேளு." குரல் கெஞ்சுவது போல் வந்தது. பாசத்தில் சொல்கிறான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முப்பது வருடம் முள்ளைப் பார்த்தவன் நான்.

கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேரும்போது இரண்டே கால். அங்கே காவலுக்கு இருந்தது ஒரு அம்மா. இடுப்பில் சாவிக்கொத்து. அட்டையைப் பார்த்தார், என் கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "நீங்களும் மாட்டைப் பார்க்கத்தானா? செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

"நீ போயிட்டு வா. நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். கிடக்கட்டும், தொலைஞ்சாத் தொலையட்டும். நீங்களும் வாங்க." அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஏறினோம். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்தாள், மறு கையால் என் தோளைப் பிடித்தாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அடுத்த படி. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டாவது படியில் ஒரு திருப்பமும் ஒரு கல் மேடையும் இருந்தன. உட்கார்ந்து உட்கார்ந்து கல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "முக்கால்வாசிப் பேரு இங்கயே உக்காந்துட்டுத் திரும்பிடுவாங்க" என்றார் பின்னால் வந்த காவல்கார அம்மா. விதிப்படி பயணிகளோடு ஒருவர் ஏற வேண்டுமாம். என் மனைவி அங்கே உட்காரவில்லை. எண்பதில் உட்கார்ந்தாள். நூற்று இருபதில் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். இறங்கிவிடலாமா என்று கேட்டேன். சுவரைப் பிடித்து எழுந்தாள். நூற்றெழுபதுக்கு மேல் படியில் உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக ஒவ்வொன்றாகத் தன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினாள். ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஒரு மாட்டைப் பார்ப்பதற்காக.

உச்சியில் நல்ல வெயில். காற்று. கிழக்கே கடல். தூரத்துக் கப்பலின் கொடிக்கயிறுகூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவான கடல்.

தீவு இல்லை.

கைப்பிடிக் கம்பியில் ஒரு பலகையை நட்டுப் போட்டு முடுக்கியிருந்தார்கள். வெள்ளைப் பெயிண்டில், அச்சுப் போல எழுத்து. "இன்று மூடுபனி. தீவு தெரியாது. இப்படிக்கு, துறை."

என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றினாள். மேற்கே இருப்பது ஊர் என்று தெரியும், இருந்தும் அந்தப் பக்கமும் தேடினாள். மறுபடி கிழக்கே வந்து நின்றாள்.

"தீவு எங்கம்மா?"

"போர்டு இருக்குல்ல" என்றார் காவல்கார அம்மா.

"மூடுபனி எங்க?"

"அதுவும் போர்டுலதான்." அவர் சாவிக்கொத்தைக் கம்பியில் மாட்டினார். "பன்னெண்டு வருஷமா இருக்கேன். முதல்ல எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுத் திட்டுவாங்க, தீவை நான் என்னவோ எடுத்து ஒளிச்சு வெச்ச மாதிரி. ஆபீசுக்கு எழுதினேன், யாராவது ஒரு ஆள் ஏறி வந்து பார்த்துட்டுப் போங்கய்யான்னு. ஆள் வரல. போர்டு வந்துச்சு. அதையும் நான்தான் சுமந்துக்கிட்டு ஏறினேன்."

"ஒரு பாறைகூட இல்லையாம்மா? முன்னாடி இருந்து, அப்புறம் முழுகியிருக்குமோ?"

காவல்கார அம்மா, "இல்லம்மா. தண்ணிதான். எங்க அப்பா காலத்துலயும் தண்ணிதான்" என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "கடல் நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். "தீவு இல்லாமலே நல்லாத்தான் இருந்திருக்கு. இதைச் சொல்லியிருக்கலாம்ல அவன்."

புகார்ப் புத்தகம் கேட்டாள். "மனநிறைவுன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல? அப்ப எழுதலாம்" என்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். "தீவு இல்லை. மூடுபனியும் இல்லை. நான் ஏறிப் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதை யாரும்மா படிப்பாங்க?"

"உதவி இயக்குநர்."

இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் பிடித்தது. கீழே, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில், மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். மீட்டிங்கை விட்டுவிட்டு ஆபீஸ் காரில் வந்திருக்கிறான். கழுத்து அட்டையை எங்கோ கழற்றி வைத்துவிட்டான். அது இல்லாமல் ரொம்பச் சின்னவனாகத் தெரிந்தான்.

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். "எத்தனாவது படி வரைக்கும் போனீங்க அன்னிக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன்.

"முப்பத்தெட்டு" என்றான். "அப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு அக்கா. அங்க ஒரு கல்லு இருக்கும்."

"பார்த்தேன். அப்படீன்னா அஞ்சு நிமிஷத்துல இறங்கியிருக்கலாமே. ஒரு மணி நேரம் என்னை எதுக்குடா நிக்க வெச்சீங்க?"

"அப்பாதான் சொன்னாரு, சீக்கிரம் இறங்கினா அக்கா கண்டுபிடிச்சிடுவா, உக்காந்துட்டுப் போகலாம்னு. உனக்கு வருத்தமா இருக்கும்னுதான் அக்கா. நாங்க ஏறவே இல்ல, நீ சும்மா நின்னேன்னு தெரிஞ்சா…"

"தீவு யாரு சொன்னது? அப்பாவா, நீயா?"

"தீவு நான். மாடு அப்பா."

"மரம்?"

"மரம் ரெண்டு பேரும் சேர்ந்து."

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு வயசுல சொன்னே, சரி. அப்பா சொல்லச் சொன்னாரு, சரி. புக்குல ஏன்டா போட்டே?"

"முதல் பதிப்பு எழுதும்போது, லைட் ஹவுஸ் ஏறினவங்க யாராவது இருக்கீங்களான்னு கேட்டாங்க. ஆபீஸ்ல ஒருத்தரும் ஏறினதில்ல. நான் ஏறியிருக்கேன்னு சொல்லிட்டேன். அதுலதான் என் வேலை நிரந்தரம் ஆச்சு. அப்புறம் தீவுக்கு ஒரு பிரிவு போட்டுட்டாங்க. இப்ப தீவு இல்லைன்னா அந்த மூணு பேரும் எங்க போவாங்க அக்கா?"

"நான் எங்கடா போவேன்? நாப்பத்திமூணு வருஷம் அந்த மாட்டையே நினைச்சுக்கிட்டிருந்தேனேடா. எனக்குக் குடுத்து வைக்கல, என் தம்பியாவது பார்த்தானேன்னு ஆறுதல் பட்டுக்கிட்டிருந்தேன்." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அடுத்த பதிப்புல அந்தத் தீவை எடுத்துடு. இன்னொரு பிள்ளையைக் கீழ நிக்க வெச்சுட்டு யாரும் அதைத் தேடி ஏற வேணாம்."

"எடுத்துடறேன் அக்கா. சத்தியமா. இது உன் தம்பி வாக்கு."

அவன் குனிந்து அவள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான். ரயில் நிலையம் வரை காரில் கொண்டுவந்து விட்டான். மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். எந்தக் குறிப்பையும் பின்பற்றவில்லை. நேராக எங்கள் பெட்டியிலேயே போய் ஏறினோம்.

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் இரண்டு வேளை வீட்டுக்குள் நடக்கப் பழகினாள். தம்பியைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாக்குக் குடுத்திருக்கான், செய்வான்" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

நாலாம் மாதம் தபாலில் பத்தாம் பதிப்பு வந்தது. பளபள அட்டை. நான் கடையில் வைத்தே பிரித்தேன். பிரித்த பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம். மறைக்கிற வேலையை இனி எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ய வேண்டாம் என்று கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

நாற்பத்திரண்டாம் பக்கம் இப்போது வண்ணத்தில் இருந்தது. மாடு அப்படியே படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய தீவு புதிதாக முளைத்திருந்தது. கன்றுத் தீவு. அதற்குக் கீழே ஒரு கட்டத்துக்குள் இப்படி எழுதியிருந்தது: "மூட்டு வலியையும் பொருட்படுத்தாது இருநூற்றுப் பதினாறு படிகளும் ஏறிய வெளியூர்ப் பெண்மணி ஒருவர், காட்சிகள் அனைத்தையும் கண்டு முழு மனநிறைவு அடைந்ததாகத் தம் கைப்படச் சான்றளித்துள்ளார்." அதன் அடியில் அவள் கையெழுத்து, என் பேனாவில் போட்டது, அச்சாகியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் குறிப்புகள் நூற்றுப் பதினைந்து ஆகியிருந்தன. புதுக் குறிப்பு: "முட்டி வலி உள்ளவர்கள் கலங்கரை விளக்கம் ஏறுவதைத் தவிர்க்கவும். அவர்களுக்குத் தீவு தெரிவதில்லை எனப் புகார் வந்துள்ளது."

அவள் இரண்டையும் படித்தாள். புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள். கோபமாக ஏதாவது சொல்லமாட்டாளா என்று எனக்குத்தான் தோன்றியது. நான் வேண்டிய மட்டும் திட்டினேன், அவனை, அவன் துறையை, பேனா திறந்து கொடுத்த என்னை. அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அப்போது போன் அடித்தது. ஆபீசர்தான். அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, புக் வந்துச்சா? என்ன பண்றது, இயக்குநர் எடுக்க விடல. ஆனா உன்னை எப்படியும் உள்ள கொண்டு வந்துடணும்னு போராடி வாங்கினேன் அக்கா. நாப்பத்திரண்டாம் பக்கம் பார்த்தியா?"

வெளியே உச்சி வெயில். எதிர் வீட்டு மாடியில் காயும் துணியின் மடிப்புகூடத் தெரிந்தது.

"இல்லடா" என்றாள். "இங்க மூடுபனி. ஒண்ணும் தெரியல."

"மூடுபனியா? இந்த மாசத்துலயா? என்னக்கா சொல்ற?" பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான். "எப்ப அக்கா தெளியும்?"

"தெளியாதுடா. பெயிண்ட்ல எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.